வழிவிட்டான் மனைவி

போன்ல என்னமோ தேடுறியே தங்கச்சி. நான் எட்டிப் பாக்கல. வெயிலு மூஞ்சில அடிக்குதேன்னு இந்தப் பக்கம் திரும்புனேன், கண்ணுல பட்டுருச்சு. நீ பாட்டுக்குத் தேடு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ இந்த பஸ்ஸுல உக்காந்து தட்டுறது மெட்ராசுல இருக்கிறவுகளுக்குத் தெரியும். ஒம் பேரு தெரியாது, ஒன் நம்பரு தெரியாது. அது மட்டும் தெரியவே தெரியாதுன்னு எங்க வீட்டுல வந்து தங்குன ஒரு புள்ள அடிச்சுச் சொல்லுச்சு. எந்தப் பக்கத்து ஆளுக எந்த வார்த்தைய அதிகமாத் தேடுறாகங்கிறதுதான் தெரியுமாம். டிவில மழைக்கு மேப்பு போடுவான்ல, அந்த மாதிரி கலர் கலரா.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? எங்க வீட்டுக்காரர் போன தேர்தல்ல எம்மெல்லேவுக்கு நின்னாக. சேந்தனேந்தல் தொகுதி. எந்தக் கட்சின்னு கேக்காத. பஸ்ஸுல நாலு கட்சிக்காரவுக இருப்பாக, எதுக்கு வம்பு. எனக்கு அரசியலே ஆகாது. நான் உண்டு, எங்க வீடு உண்டு. பம்புசெட்டுக் கடைக் கணக்கப் பாப்பேன், கட்சிக்காரவுக வந்தா யாருக்கு டீ, யாருக்கு வெறும் தண்ணின்னு முடிவு பண்ணுவேன், அவுக மேடையில பேச வேண்டியத ராத்திரி சோறு போடுறப்பச் சொல்லுவேன். அம்புட்டுத்தான். மத்தபடி அரசியலுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல.

அவுக பேரு வழிவிட்டான். சிரிக்காத. எங்க பக்கம் அது சாமி பேரு. போஸ்டர் ஒட்டுற காலத்துலருந்து அந்தக் கட்சில இருக்காக. அந்தத் தடவதான் சீட்டுக் கெடச்சுச்சு. சீட்டோட சேத்து ஒரு புள்ளயவும் அனுப்பி வச்சாக. ஹரிப்ரியான்னு பேரு. கட்சிக்கு வேலை பாக்குற ஏதோ கம்பெனியாம். மடிக் கம்ப்யூட்டரும் ஒரு பையுமா வந்து எறங்குச்சு. எங்க ஊருல நல்ல லாட்ஜு கெடையாது, பொம்பளப் புள்ளய எங்க தங்க வைக்க? நம்ம வீட்டுலயே இருன்னுட்டேன். வந்த அன்னைக்கு என்னைய 'ஆன்ட்டி'ன்னுச்சு. பாத்தேன். மறுநாள்லருந்து 'அக்கா'ன்னுச்சு. நல்ல புத்தியான புள்ள.

ஒரு நாள் காலைல நடுவீட்டுல அந்தக் கம்ப்யூட்டரத் தொறந்து வச்சுச்சு. எங்க வீட்டுக்காரர், எங்க கொழுந்தன் கோட்டைச்சாமி ரெண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தேர்தல் வேலை பூராம் கொழுந்தன் பொறுப்புதான். நான் டீ கொண்டுக்கிட்டுப் போனேன், சும்மா, எட்டிப் பாத்தேன்.

தொகுதி மேப்பு. மேற்க கரிசக்காடு, நடுவுல டவுனு, கிழக்க கடக்கரை. செவப்பு ஏற ஏற, அந்தப் பக்கத்துல அவுக பேர நெறையப் பேரு தேடுறாகன்னு அர்த்தமாம். கிழக்க நல்ல செவப்பு, மொளகாப் பழம் மாதிரி. டவுனு வெளிறுன ரோசு. மேற்க அங்கங்க திட்டுத் திட்டா. அந்தத் திட்டுக்கு நடுவுல ஒரு எடம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருந்துச்சு. என்ன ஊருன்னு பாத்தா, எங்க மாமனாரு ஊரு. எங்க வீட்டுக்காரர் பொறந்து வளந்த ஊரு.

"சொந்த ஊருல ஒருத்தன்கூடவா தேடல?" அப்படின்னாக. மொகம் விழுந்துருச்சு.

"அவிங்களுக்குத்தான் ஒங்களப் பத்தித் தெரியுமேண்ணே" அப்படின்னாப்ல கொழுந்தன். "தெரிஞ்ச ஆள எவன் தேடுவான்?"

மொகம் தெளிஞ்சிருச்சு. ஹரிப்ரியாதான் என்னமோ சொல்ல வாயத் தொறந்துட்டு, டீயக் குடிச்சிருச்சு.

அப்புறம் இன்னொண்ணு காட்டுச்சு. பேரு மட்டும் தேட மாட்டாகளாம், பேரோட இன்னொரு வார்த்தையவும் சேத்துத் தேடுவாகளாம். அது பக்கத்துக்குப் பக்கம் மாறுமாம். மேற்க உள்ளவுக எதச் சேத்துத் தேடிருக்காக தெரியுமா? 'வழிவிட்டான் எந்த ஆளுக'. என்ன சாதி, அம்புட்டுத்தான் அவுகளுக்குத் தெரியணும். டவுன்ல 'வழிவிட்டான் படிப்பு'. கிழக்க, அந்த மொளகாப் பழச் செவப்பு அடிச்ச எடத்துல, பூராம் ஒரே வார்த்தை. 'வழிவிட்டான் மனைவி'.

ஹரிப்ரியா சொல்லத்தான் செஞ்சுச்சு. "அண்ணா, இது தேடுறது மட்டுந்தான், ஓட்டு இல்ல. என்ன தேடுறாங்கன்னு இதுல தெரியும், ஏன் தேடுறாங்கன்னு தெரியாது. நேர்ல போய்க் கேட்டாத்தான் தெரியும்." யாரு காதுல விழுந்துச்சு? "கிழக்கு நம்ம கைக்குள்ள வந்துருச்சுண்ணே" அப்படின்னு கொழுந்தன் எந்திரிச்சு நின்னாப்ல. அவுக செவப்பத் தடவிப் பாத்தாக, கம்ப்யூட்டர் மேலயே.

அன்னைக்கே வேலைய ஆரம்பிச்சாக. டவுன்ல படிப்பக் கேக்குறாகள்ல, போஸ்டர்ல பேருக்குப் பின்னாடி பி.ஏ. போட்டாக. தபால் வழில சேந்தாக, அது உண்மை. பரீட்சைதான் எழுதல. மேற்க என்ன பண்றதுன்னு ரொம்ப யோசிச்சாக. எந்த ஆளுகன்னு சொன்னாப் பாதி போயிரும், சொல்லாட்டி மீதி போயிரும். கடைசில, போற ஊருல எல்லாரையும் மொறை வச்சுக் கூப்புடுறதுன்னு முடிவாச்சு. ஒரு ஊருல மாமாம்பாக, அடுத்த ஊருல சித்தப்பாம்பாக. அந்த மாமனும் இந்தச் சித்தப்பனும் ஒரே டீக்கடைல உக்காந்து பேசுறவுகன்னு யாருக்கும் தோணல.

எனக்கு மேற்கும் தெரியல, டவுனும் தெரியல. அந்த ஒரு வார்த்தை மட்டும் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. டவுன்ல யாரும் மனைவியத் தேடல. மேற்க யாரும் தேடல. கிழக்க உள்ளவுகளுக்கு மட்டும் அவுக மனைவியப் பத்தி என்னத்துக்குத் தெரியணும்? அங்க யாரு இருக்கா?

நான் சந்தேகப்படல தங்கச்சி. எனக்கு அந்தக் கொணமே கெடையாது. சட்டையத் தொவைக்கப் போடுறதுக்கு முன்னாடி பையத் தடவிப் பாப்பேன், அது எல்லா வீட்டுலயும் பாக்குறதுதான். அவுக போன எடுத்துப் பாப்பேன், மணி என்னன்னு பாக்க. சந்தேகப்படுறது வேற, தெரிஞ்சு வச்சுக்கிறது வேற.

ஆனா யோசிச்சுப் பாத்தேன். கட்சி வேலைன்னு கிழக்க அடிக்கடி போவாக. ஒரு நாளாச்சும் ஒரு மீனு, ஒரு நண்டு, கைப்பிடி எறாலு கொண்டாந்தது கெடையாது. கடக்கரைக்குப் போயிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர்ற ஆம்பளைய நீ பாத்திருக்கியா? அம்புட்டு வருசமா எனக்கு அது உறைக்கல. மேப்பப் பாத்ததும் உறைச்சுச்சு.

அவுக பிரச்சாரத்துக்குப் போனதும், நானே போன எடுத்து 'வழிவிட்டான் மனைவி'ன்னு போட்டுப் பாத்தேன். ஒரு பொம்பள படம் வந்துச்சு. மூக்குத்தி, சின்ன இடுப்பு, ஒரு காலத் தூக்கித் தலைக்கு மேல வச்சுக்கிட்டு நிக்கிறா. இந்த வயசுல இவுகளுக்கு இது எப்படின்னு ரொம்ப நேரம் அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன். மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கண்ணாடியப் போட்டுப் பாத்தா, கீழ 'யோகா வழிகாட்டி'ன்னு எழுதியிருக்கு. எந்த ஊருக்காரியோ, பாவம்.

விடல நானு. கொழம்பு கொதிக்கிறப்பத் தேடுனேன், துணி காயப் போடுறப்பத் தேடுனேன். எங்க ஓரகத்தி பூங்கோதை, கொழுந்தன் சம்சாரம், அவகிட்ட மட்டும் சொன்னேன், யாருகிட்டயும் சொல்லிராதடின்னு. அவ டவுனுத் தையல் கிளாஸ்ல மட்டும் சொல்லிருக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீகன்னு. தையல் கிளாஸ் பூராம் உக்காந்து தேடிருக்காளுக.

கொஞ்ச நாள் கழிச்சு ஹரிப்ரியா மேப்பத் தொறந்துச்சு. "அண்ணா, டவுன்லயும் இப்ப மனைவின்னு வர ஆரம்பிச்சிருக்கு." எங்க கொழுந்தனுக்குக் கால் தரைல நிக்கல.

"அலைண்ணே. கடக்கரைல கெளம்பி டவுனுக்குள்ள ஏறுது. குடும்பஸ்தன் யாருன்னு சனம் பாக்குது. எதுத்து நிக்கிறவன் வெவாகரத்து ஆனவன், தெரியும்ல."

அன்னைக்குச் சாயங்காலமே நோட்டீஸ் அடிச்சுட்டாக. 'குடும்பம் போற்றும் குணக்குன்று'. நானும் பூங்கோதையும் அடுப்படில நின்னுக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். சொல்லியிருக்கலாம். ஆனா அவுக அம்புட்டுச் சந்தோசமா இருந்தாக. மனுசன் சந்தோசத்துல போய் ஏன் கைய வைக்கணும்னு விட்டுட்டேன்.

கிழக்க பெரிய கூட்டம் போடுறதுன்னு பேசுனாக. நான் சொன்னேன், "கூட்டம் பெறகு போடுங்க. மொதல்ல நான் போயிப் பொம்பளைகளப் பாத்துட்டு வாரேன்." கொழுந்தனுக்கு ரொம்பப் பெருமை. "மதினி எறங்கிட்டாகன்னா கிழக்கு முடிஞ்சுச்சு" அப்படின்னாப்ல. அவுக கொஞ்சம் யோசிச்சாக. "வெயிலு ஜாஸ்தியா இருக்குமே" அப்படின்னாக. பாத்துக்கிட்டியா? இருவது வருசமா நான் அடுப்புல வேகுறப்ப வராத கரிசனம்.

ஹரிப்ரியாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். முத்துவலசைன்னு ஒரு ஊரு. மேப்புல அதான் இருக்கிறதுலயே செவப்பு. கருவாடு காய வைக்கிற எடத்துல பொம்பளைக கும்பலா இருந்தாக. அதுல ஜெசிந்தான்னு ஒருத்தி, அங்க பொம்பளைக சங்கத்துக்குத் தலைவி. ஓங்குதாங்கா இருப்பா. என்னையப் பாத்ததும் எல்லாரும் எந்திரிச்சுட்டாக. ஒருத்தி காதுல ஒருத்தி குசுகுசுன்னு பேசுறா. ஒரு சின்னப் பொண்ணு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. சரிதான், வெசயம் ஊரு பூராவும் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.

நேராக் கேக்க முடியுமா? சுத்தி வளைச்சேன்.

"இந்த ஊருல எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப வேண்டியவுக யாரும்மா?"

"அண்ணன் வந்தா அந்தோணி வீட்டுலதான்க்கா சாப்புடுவாக" அப்படின்னா ஜெசிந்தா.

"அந்தோணி ஆம்பளதான?"

"ஆம்பளதான்க்கா. மீசை வச்சிருக்கான்."

"அவன் வீட்டுல யாரு சமைக்கிறது?"

"அவுக அம்மா. பல்லு ஒண்ணுகூடக் கெடையாது. ஆனா மீன் கொழம்பு வச்சா யாரும் கிட்ட நிக்க முடியாது. அண்ணன் ரெண்டு தட்டுச் சாப்புடுவாக. போறப்ப மீனு குடுத்தா வாங்க மாட்டாக. வீட்டுக்குக் கொண்டு போனா வீணாப் போயிரும் ஆத்தாம்பாக."

வீணாப் போயிருமாம். எங் கைல மீன் கொழம்பு சாப்புட்டவுக இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல. ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனதில்ல, அது வேற. மொதத் தடவைலயே வயிறு நெறஞ்சிருக்கும்.

அந்தக் கோவத்துல சுத்தி வளைக்கிறது மறந்துபோச்சு. "'வழிவிட்டான் மனைவி'ன்னு இந்த ஊருல போன்ல தேடுறது யாரு?" அப்படின்னு கேட்டுப்புட்டேன். ஹரிப்ரியா என் முந்தானையப் புடிச்சு இழுக்குது. நான் விடல.

ஒருத்தி போன எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. அப்புறம் ஜெசிந்தா சொன்னா, "நாங்கதான்க்கா."

"நாங்கன்னா யாரு?"

"எல்லாருந்தான்."

"எதுக்கு?"

ஜெசிந்தா போன எடுத்து எங் கைல குடுத்தா. ஒரு வீடியோ ஓடுது. முந்துன வருசம் புயல் அடிச்சுச்சுல்ல, அதுக்குப் பெறகு கட்சி சார்பா அங்க அரிசி குடுத்தாக. நானும் போயிருந்தேன், மூட்டை தூக்க ஆள் காணாதுன்னு. மேடைக்கு மட்டும் பந்தல் போட்டிருக்காக. பொம்பளைகளும் புள்ளைகளும் வெயில்ல வரிசைல நிக்கிறாக. எங்க வீட்டுக்காரர் மைக்கப் புடிச்சுக் கட்சியோட வரலாறச் சொல்லிக்கிட்டு இருக்காக. இன்னும் கட்சி ஆரம்பிச்ச வருசத்துலயே நிக்கிறாக. ஒரு பொம்பள கடகடன்னு மேடை ஏறுறா. அவுக கைல இருந்து மைக்க வாங்குறா. "பேசுனது போதும், எறங்குங்க. இந்தப் புள்ளைக வெறும் வயித்தோட நிக்குது. அரிசியக் குடுத்துட்டுப் பேசுங்க, ஒலையில போட்டுட்டு வந்து கேப்பாக" அப்படிங்கிறா. அவுகளும் ஒரு ஓரமா ஒதுங்கி நிக்கிறாக. பக்கத்துல ஒரு ஆபீசர் பேனாவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. "சார், பேனாவப் பைல வச்சுட்டு அந்த மூட்டைய ஒரு கை புடிங்க" அப்படிங்கிறா. அவரும் புடிக்கிறாரு.

உத்துப் பாத்தா, நாந்தான்.

எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல தங்கச்சி. அன்னைக்கு எனக்குத் தலைவலி, வெரசா வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு, அதான். அந்தச் சேலையும் எனக்கு எடுப்பாவே இல்ல.

ஜெசிந்தா சொல்றா, "கடக்கரை பூராவும் இந்த வீடியோ இருக்குக்கா. தேர்தலுக்கு வழிவிட்டான் நிக்கிறாகன்னதும் நாங்க நீங்கதான் நிக்கிறீகன்னு நெனச்சோம். போஸ்டர்ல பாத்தா அண்ணன் மூஞ்சி. சரி, ஒங்க பேராச்சும் தெரிஞ்சுக்கலாம்னு தேடுனா ஒண்ணும் வர மாட்டேங்குது. பேரு தெரியாத ஆள எப்படித் தேடுறது? 'வழிவிட்டான் மனைவி'ன்னுதான போட முடியும்?"

"அப்ப வேற யாரையும் தேடலயே?"ன்னேன்.

"வேற யாரக்கா தேடப் போறோம்?"

நெஞ்சுல வச்ச கல்ல எடுத்த மாதிரி இருந்துச்சு. அப்பாடான்னு அந்த மணல்லயே உக்காந்துட்டேன். தண்ணி வாங்கிக் குடிச்சேன். கரிச்சுச்சு, ஆனா அன்னைக்கு அது எனக்குத் தெரியல.

"அக்கா, இவங்க உங்களத்தான் தேடியிருக்காங்க" அப்படின்னுச்சு ஹரிப்ரியா.

"ஆமா, அதான் நிம்மதி"ன்னேன்.

அந்தப் புள்ள என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணு வேற கலங்கிருச்சு. கருவாட்டு வாடை பழக்கமில்லாத புள்ள, பாவம். அப்புறம் அதுவே திரும்பி, "இவங்க பேரு தவச்செல்வி" அப்படின்னு அங்க இருந்தவுககிட்டச் சொல்லுச்சு. ஜெசிந்தா போன்ல பதிஞ்சுக்கிட்டா. எம் பேரு எதுக்கு, சின்னத்த ஞாபகம் வச்சுக்கங்கன்னு நான் சொன்னேன். ரெண்டு வார்த்தை பேசுங்கக்கான்னாக. எனக்கு என்ன பேசத் தெரியும்? தண்ணிக் கொழாய் ஒடஞ்சு கெடக்கிறது, படகு நிறுத்துற எடத்துல வெளிச்சம் இல்லாதது, அத இதச் சொல்லிக்கிட்டு இருந்தேன். பக்கத்து ஊருலருந்தெல்லாம் வந்துட்டாக. பொழுது சாயுற வரைக்கும்தான் பேசுனேன், அதுக்கு மேல பேசல.

வீட்டுக்கு வந்ததும் அவுக வாசலுக்கே வந்துட்டாக. "என்ன சொன்னாக?"

"ஒங்களத் தங்கமான மனுசன்னாக"ன்னேன். "அந்தோணி ஆத்தா கேட்டதாச் சொல்லச் சொன்னாக."

அவுகளுக்கு மொகம் வெளுத்துருச்சு. அன்னைக்கு ராத்திரி நான் மீன் கொழம்பு வச்சேன். மூணு தடவ ஊத்திச் சாப்புட்டாக.

ஹரிப்ரியா அவுகளையும் கொழுந்தனையும் உக்கார வச்சு என்னமோ ரொம்ப நேரம் பேசுச்சு. கிழக்க அடிக்கிற போஸ்டர்ல எம் படத்தையும் போடணுமாம். கொழுந்தன் ஒத்துக்கல. "பொம்பள படத்தப் போட்டா அண்ணன் கெத்து கொறஞ்சிரும். சனம் தேடுறது அண்ணன் பேரத்தான? மனைவிங்கிறது சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது" அப்படின்னாப்ல. நானும் அதான் சொன்னேன். எம் படத்த எதுக்கு? கடைசில அந்த எடத்துல அவுக படத்தையே இன்னொண்ணு போட்டாக. ஒண்ணுல கும்புடுறாக, ஒண்ணுல சிரிக்கிறாக. அண்ணனும் தம்பியுமா நிக்கிறாகளான்னு கேட்டவுக உண்டு.

தோத்துட்டாக. டவுன்ல தோத்தாக. மேற்க மாமனும் போடல, சித்தப்பனும் போடல. ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்பாக. சொந்த ஊருல, அந்த வெள்ளைவெளேர்னு இருந்த எடத்துல, பூத்து ஏஜெண்டா உக்காந்தவன் ஓட்டாச்சும் விழுந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் அவுக கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. கிழக்க மட்டும்தான் பொட்டி பொட்டியா விழுந்திருக்கு. முத்துவலசைல எதுத்து நின்னவனுக்கு ஆள் இல்ல. அது அவுக பேச்சுக்குக் கெடச்ச ஓட்டு. கடைசி நாள் கூட்டத்துல அங்க போயிக் கட்சி வரலாற முழுசாச் சொன்னாகள்ல, அதான்.

ஓட்டு எண்ணுன மறுநாள் அவுக நாக்காலில சுருண்டு கெடந்தாக. எங்க தப்பு பண்ணோம்னு கொழுந்தன் மேப்பப் பாத்துக்கிட்டே இருந்தாப்ல. "இம்புட்டுச் செவப்பு எங்கண்ணே போச்சு?" அப்படின்னு கேக்குறாப்ல.

ஹரிப்ரியா கெளம்பிப் போயிருச்சு. போறப்ப எங் கையப் புடிச்சுக்கிட்டு விடல. மெட்ராஸ் போயிட்டு ஒரு நாள் போன் பண்ணுச்சு. "அக்கா, தேர்தல் முடிஞ்சும் உங்க கிழக்குப் பக்கம் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க."

"அவுகளயா? தோத்த ஆள இன்னும் எதுக்குத் தேடுறாக?"

"அண்ணனை இல்லக்கா. தவச்செல்வின்னு தேடுறாங்க."

"எதுக்காம்?"

"ஏன்னு மேப்புல தெரியாதுக்கா" அப்படின்னுட்டு அது சிரிக்குது. சம்பளம் வாங்கிக்கிட்டு வேலை பாக்குற புள்ளைக்கே தெரியல பாரு.

அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல வாசல்ல ஷேர் ஆட்டோ வந்து நின்னுச்சு. முத்துவலசைப் பொம்பளைக. ஜெசிந்தாவும் இன்னும் நாலஞ்சு பேரும். கூடை நெறைய மீனு. எங்க வீட்டுக்காரர் ஜன்னல் வழியாப் பாத்துட்டு உள்ள ஓடுனாக. தோத்த நாள்லருந்து கைலியோட கெடந்த மனுசன், வெள்ளச் சட்டையப் போட்டு, தலையச் சீவி, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னாக. ஆறுதல் சொல்ல வந்திருக்காகன்னு தொண்டையெல்லாம் கனைச்சுக்கிட்டாக. "வாங்கம்மா வாங்க. வெற்றி தோல்வி சகஜம்" அப்படின்னு ஆரம்பிச்சாக.

"இருக்கட்டும்ண்ணே. அக்கா இல்லையா?" அப்படின்னா ஜெசிந்தா.

பாரேன் அவ மரியாதைய. தோத்துப்போன ஆம்பளைகிட்ட நேருக்கு நேரா அதப் பத்திப் பேசச் சங்கடப்பட்டுக்கிட்டு என்னையக் கேக்குறா. அப்புறம் எங்க வீட்டுக்காரரே நாக்காலிய இழுத்துப் போட்டுட்டு, உள்ள வந்து டீ போட்டாக. கல்யாணமான நாள்லருந்து அவுக போட்ட மொத டீ. சக்கரை போட மறந்துட்டாக.

வெசயம் என்னன்னா அந்தத் தண்ணிக் கொழாய். ஒடஞ்சது ஒடஞ்ச மாதிரியே கெடக்கு. செயிச்சவன் எட்டிப் பாக்கல. எனக்கு என்ன தெரியும், நான் என்ன எம்மெல்லேவான்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே சேலைய மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன். என்ன செய்ய, வீடு தேடி வந்துட்டாக. மொத வேலையா ஒடஞ்ச எடத்தப் போயிப் பாத்தோம். அப்புறம் யூனியன் ஆபீஸ், குடிநீர் வாரியம்னு அலைஞ்சோம். ஒருத்தன் இன்னொருத்தனக் கை காட்டுறான். சரின்னு போன திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுக்கே போயிட்டோம், மனு நாள்ல. இன்னைக்கும் அங்கதான் போறோம். கண்டக்டருக்குப் பக்கத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காள்ல, அதான் ஜெசிந்தா. அந்த ரெண்டு சீட்டும் நம்ம ஆளுகதான். கடைசி சீட்டுல மடில பையெல்லாம் வச்சுக்கிட்டுத் தூங்குறாகள்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரர். தொணைக்குன்னு வாராக. தண்ணிப் பாட்டில், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அவுக பொறுப்பு. இந்த வேலை அவுகளுக்கு நல்லா வருது.

நம்ம ஸ்டாப்பு வரப்போகுது. ஒரே ஒரு வெசயம் சொல்லிட்டு எறங்கிக்கிறேன். போன திங்கக்கெழமை அங்க மனுவப் பதியுற எடத்துல பெரிய வரிசை. எங்க மொறை வந்துச்சு. கம்ப்யூட்டர்ல இருந்தவரு தல நிமிராம, "மனுதாரர் பேரு?" அப்படின்னாரு.

"முன்னாள் வேட்பாளர் வழிவிட்டான் மனைவி"ன்னேன்.

"பேரச் சொல்லும்மா."

"அதான் சார் சொல்றேன், சேந்தனேந்தல் தொகுதில நின்னாகள்ல, வழிவிட்டான், அவுக சம்சாரம்."

அவரு கைய எடுத்துட்டு நிமிந்து பாத்தாரு. எனக்குப் பின்னாடி எங்க வீட்டுக்காரர் ரெண்டு தோள்லயும் பையத் தொங்க விட்டுக்கிட்டு நின்னாக. பக்கத்துல வந்தாக. "அவ பேரு தவச்செல்வி சார்" அப்படின்னாக. "தவச்செல்வி. நடுவுல இச்சன்னா வரும், விட்டுறாதீக."

வரிசையே திரும்பிப் பாக்குது. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவுக என்னைய 'இந்தா'ன்னு கூப்புட்டிருக்காக, 'ஏய்'னு கூப்புட்டிருக்காக, எம் பேரு அவுக வாயில வந்து நான் கேட்டதே இல்ல. நாலு பேரு முன்னால இப்படிப் பட்டுன்னு சொன்னதும் எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல, காதெல்லாம் சூடாயிருச்சு. தோத்ததுலருந்து அவுகளுக்குக் கூச்சநாச்சம் விட்டுப்போச்சு தங்கச்சி. வேற ஒண்ணுமில்ல.